காந்தலூருக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

மூணாறுக்குப் போய் வந்தவர்களிடம் மறையூர் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் "அந்த வழியாகத்தான் வந்தோம், தூங்கிவிட்டேன்" என்பார்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு ஏறும் சாலையில் ஏறக்குறைய சரிபாதியில் இருக்கிறது மறையூர். அங்கே பிரிந்து, கோவில்கடவு வழியாகச் சுமார் 16 கிலோமீட்டர் மேலே ஏறினால் காந்தலூர். கேரளத்தின் இடுக்கி மாவட்டம்தான், ஆனால் டீக்கடையில் கேட்பதெல்லாம் தமிழ். கீழே சின்னாறு காட்டுயிர் சரணாலயம், மேலே ஆனைமுடிச் சோலை, இரவிகுளம் தேசியப் பூங்காக்கள். நடுவில் கரும்பும் பூண்டும் விளைகிற ஊர்கள். 2023-ல் மத்திய சுற்றுலா அமைச்சகம் சிறந்த சுற்றுலாக் கிராமத்துக்கான தங்க விருதைக் காந்தலூருக்குக் கொடுத்தது. அதற்கப்புறம் சனி ஞாயிறுகளில் கூட்டம் ஏறிவிட்டது. வார நாட்களில் போனால் இன்னும் ஊர் ஊராகவே இருக்கிறது.

புதிதாகப் போகிறவர்கள் இடறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். மழையை மூணாற்றுக் கணக்கில் பார்ப்பார்கள். நேரத்தைத் தங்கள் கைக்கடிகாரத்தில் பார்ப்பார்கள். இங்கே மழைக் கணக்கு வேறு, கடிகாரம் காட்டின் கையில் இருக்கிறது. இந்த இரண்டையும் புரிந்துகொண்டு திட்டம் போட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

முதலில் மாதம்

தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வந்து ஆனைமுடி வரிசையில் முட்டி, மூணாறு பக்கமே தன் மழையைக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையைத் தாண்டி மறையூர்ப் பக்கம் வரும்போது காற்று மட்டும்தான் மிச்சம். ஜூலையில் மூணாறில் குடை திரும்பிக்கொள்ளும் அளவுக்கு மழை அடிக்கும்போது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி மறையூரில் துணி காயப்போட்டிருப்பார்கள். சின்னாறு சரணாலயத்தில் ஆண்டு முழுக்க மழை பெய்வதே ஐம்பது நாளுக்குள்தான். அளவும் சுமார் 500 மில்லிமீட்டர். கேரளம் என்றால் பச்சை என்று நினைத்து வருகிறவர்கள் இங்கே கள்ளியையும் உடைமரத்தையும் பார்த்துவிட்டு, வழி தவறிவிட்டோமோ என்று கேட்பதுண்டு.

அருவி பார்க்கப் போகிறவருக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. பாம்பாறு ஆனைமுடிப் பக்கத்து மேடுகளில் பிறந்து இந்தப் பக்கம் இறங்குகிறது. மழை அங்கே பெய்கிறது, தண்ணீர் இங்கே விழுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாதை பெரும்பாலும் காய்ந்திருக்கும், அருவியோ நிறைந்திருக்கும். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்போம் அல்லவா, சின்னாறு காட்டுக்குள் இருக்கும் அருவியின் பெயரே தூவானம். இங்கே அதற்கு மழையே தேவையில்லை.

என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கம். காந்தலூர்த் தோட்டங்களில் ஆப்பிள் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் பழுக்கும். காஷ்மீர் ஆப்பிளைப் போல எதிர்பார்க்காதீர்கள். சிறிசாக, லேசான புளிப்போடு இருக்கும். ஆனாலும் மரத்திலிருந்து பறித்த ஆப்பிளைத் தின்கிற வாய்ப்பு நமக்கு எங்கே கிடைக்கிறது? அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கத்தைத் தேடி வரும், அப்போது நனைவீர்கள். டிசம்பர், ஜனவரியில் வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும், குளிர் நன்றாகவே பிடிக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடுகள் குட்டி போடும் காலம் என்று இரவிகுளத்தை மூடிவிடுவார்கள். அருவிகளும் மெலிந்து, காடு தீக்குப் பயந்து நிற்கும் மாதங்கள் அவை. ஏப்ரல், மே பள்ளி விடுமுறைக் கூட்டம். மறையூரில் வெயிலும் உண்டு.

குறிஞ்சி பார்க்கத்தான் போகிறேன் என்றால் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மலைமலையாகப் பூப்பது 2006-லும் 2018-லும் நடந்தது, அடுத்தது 2030.

தேதி குறித்த பிறகும் ஒரு வேலை பாக்கி. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து இடுக்கி மாவட்டத்துக்கான வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனமாகப் போகலாம். ஆரஞ்சு என்றால் மூணாறு பக்கத்தை விட்டுவிட்டு மறையூரோடு நில்லுங்கள். சிவப்பு என்றால் வீட்டிலேயே இருங்கள், முன்பணம் போனால் போகட்டும். 2020 ஆகஸ்ட்டில் இரவிகுளத்துக்கு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள். மறையூரில் வெயில் அடிப்பதைப் பார்த்து, மலைக்கு அந்தப் பக்கமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மலைமறைவில் நிற்கிறவனுக்கு மேலே நடப்பது தெரியாது.

எந்த வழியாக ஏறுவது

கேரளத்திலிருந்து வருகிறவர்கள் மூணாறு வழியாக இறங்குவார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் தயங்காமல் உடுமலை வழியைப் பிடியுங்கள். பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் உடுமலைப்பேட்டை ரயில் நிலையம் இருக்கிறது. விமானத்தில் வந்தால் கோயம்புத்தூர், அங்கிருந்து உடுமலை சுமார் 70 கிலோமீட்டர். உடுமலையிலிருந்து மறையூர் நாற்பது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் ஒன்றரை மணி நேரம் வையுங்கள்.

உடுமலையிலிருந்து தமிழ்நாடு அரசுப் பேருந்தும் கேரள அரசுப் பேருந்தும் மறையூர் வழியாக மூணாறுக்கு ஓடுகின்றன. எண்ணிக்கை கம்மி. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கும். அதனால் முதல் நாள் இரவே உடுமலைக்கு வந்து தங்கிவிட்டுக் காலை முதல் வண்டியில் ஏறுவது நல்லது. தனியாகப் போகிறவர்களுக்கு நான் பேருந்தைத்தான் சொல்வேன். உயரமான சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் காரில் போகிறவனுக்குத் தெரியாத மான் எல்லாம் தெரியும். மறையூரில் இறங்கினால் காந்தலூருக்குத் தனியார் பேருந்தும் ஜீப்பும் ஆட்டோவும் கிடைக்கும். ஆட்டோ என்றால் ஏறும் முன் தொகையைப் பேசிவிடுங்கள்.

சொந்த வண்டி என்றால் உடுமலையிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். கேரளத்தில் பெட்ரோல் கொஞ்சம் விலை கூடுதல். காட்டுக்குள் எரிபொருள் தீர்ந்து நிற்பது வேடிக்கையும் அல்ல.

பையில் என்ன

மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று, காற்றும் மழையும் தாங்கும் மேலுடுப்பு ஒன்று, பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட ஷூ, டார்ச். சிவப்பு, வெள்ளைச் சட்டைகளை வீட்டில் வைத்துவிட்டுக் காக்கி, பச்சை, பழுப்பு நிறங்களை எடுத்து வாருங்கள். சின்னாறு முட்காட்டில் அரைக்கால் சட்டையோடு நடந்தால் கெண்டைக்கால் கணக்குச் சொல்லும். உண்ணியும் ஏறும். சோலைப் பக்கம் மழைக்காலத்தில் அட்டை. ஒரு சின்னத் துணியில் உப்பை முடிந்து வைத்துக்கொண்டால் போதும், ஒற்றினால் விழுந்துவிடும். பிய்த்து எடுக்காதீர்கள்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் இரு மாநிலத்திலும் தடை. சாவடியில் பையைத் திறக்கச் சொல்வதும் உண்டு. அதனால் தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். அப்புறம் ரொக்கம். கூகுள் பே எல்லா இடத்திலும் வந்துவிட்டது, ஆனால் சிக்னல் எல்லா இடத்திலும் வரவில்லை. ஏடிஎம் வேலையை மறையூரிலேயே முடித்துவிடுங்கள். வரைபடத்தையும் வீட்டில் இருக்கும்போதே இறக்கி வையுங்கள்.

சின்னாறு சாலையில் நடந்துகொள்ளும் விதம்

உடுமலையைத் தாண்டி அமராவதி அணைக்குப் பிரியும் இடத்தைக் கடந்ததும் சாலை காட்டுக்குள் நுழையும். ஒன்பதாறு சோதனைச் சாவடி, ஆமாம், பெயரே அதுதான். அங்கிருந்து ஆனைமலைப் புலிகள் காப்பகம். அப்புறம் சின்னாற்றுப் பாலம். அதைத் தாண்டினால் கேரளம், சின்னாறு சரணாலயம். 1984-ல் அறிவித்த, 90 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு. நட்சத்திர ஆமைக்கும் சாம்பல் மலையணிலுக்கும் பேர்போனது. ஆற்றோரத்து நீர்மருது மரங்களின் உச்சியில் அணிலைத் தேடுங்கள். பூனை அளவு உடம்பு, அதே நீளத்துக்கு வால்.

இந்தச் சாலையில் இருட்டும் முன் ஏறிவிட வேண்டும். மாலையில் யானைகள் தண்ணீருக்கு இறங்கும் நேரம் அது. சாவடிகளில் நேரக் கட்டுப்பாடு வேறு. தங்குமிடத்தில் கேட்டால் அந்த வாரத்து நிலவரத்தைச் சொல்லிவிடுவார்கள். நான் மனதில் வைத்திருக்கும் கணக்கு, பிற்பகல் மூன்றரை மணிக்குள் உடுமலையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்பது. இந்தக் கணக்கு வந்த கதை இது. முதல் தடவை வாடகைக் கார்க்காரர் "ஒரு டீ குடிச்சிட்டுப் போயிடலாம் சார்" என்று வழியில் முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டார். சரணாலயத்துக்குள் இருக்கும் ஆலாம்பெட்டியை நெருங்கும்போது ஏழு மணி இருட்டு. ஒரு வளைவில் திரும்பினால் சாலைக்கு நடுவில் ஒரு பெண் யானை, பக்கத்தில் அதன் வயிற்று உயரம்கூட இல்லாத குட்டி. வெளிச்சத்தில் யானையின் தோல் சாம்பலாகத் தெரியவில்லை. செம்மண் பூசிய சுவர் மாதிரி இருந்தது. காது அசைவது நின்றுவிட்டது. டிரைவர் கை ஹாரனுக்குப் போனதைப் பிடித்து நிறுத்தியது பின்னாலிருந்த என் மனைவி. நெடுநேரம் அப்படியே நின்றோம், எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை. அப்புறம் குட்டியை உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டு அது புதருக்குள் இறங்கியது. கிளை முறியும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

காது விசிறுவது நின்றால் அது உங்களைக் கவனிக்கிறது என்று பொருள். யானை எதிரே நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் கூடாது, ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள், இறங்காதீர்கள், போட்டோவுக்கு பிளாஷ் அடிக்காதீர்கள். பின்னால் இடமிருந்தால் மெதுவாகப் பின்வாங்குங்கள். குட்டி கடந்துவிட்டது என்று உடனே கிளம்பாதீர்கள், பின்னால் இன்னொன்று வரும். பைக்கில் போகிறவர்கள் தனியாக முன்னே போகாமல் ஒரு பேருந்தையோ லாரியையோ பின்தொடருங்கள். சாலையோரம் நிறுத்திச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிப்பது, குரங்குக்குக் கடலை போடுவது எல்லாம் அபராதத்துக்குரியவை.

எங்கே தங்குவது

மறையூரா காந்தலூரா என்பதுதான் கேள்வி. மறையூர் சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். கடை, பேருந்து, ஏடிஎம் எல்லாம் கைக்கெட்டும். காந்தலூர் அதற்கு இன்னும் மேலே. குளிரும் பனியும் தோட்டமும் அங்கேதான். வயதானவர்களோடு ஒரே ஒரு இரவு என்றால் மறையூர் போதும். இரண்டு இரவாவது தங்க முடிந்தால் காந்தலூர்.

போனில் அறை பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள். கார் வாசல் வரை வருமா, ஜீப் பிடிக்க வேண்டுமா? இரவுச் சாப்பாடு அங்கேயே கிடைக்குமா? இது முக்கியம், ஏனென்றால் கடைகள் சீக்கிரம் மூடிவிடும். யானை வரும் இடமா? மூன்றாவது கேள்விக்கு "அதெல்லாம் வராது சார்" என்று உடனே சொல்கிறவரைவிட, "வரும், எட்டு மணிக்கு மேல வெளியே நடக்காதீங்க" என்று சொல்கிறவரிடம் அறை எடுங்கள். நான் ஒரு தடவை பள்ளத்தாக்கு தெரியும் அறை என்று நம்பிக் கூடுதலாகக் கொடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதனால் இப்போதெல்லாம் அறைக்குள்ளிருந்து எடுத்த படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம்.

முதல் நாள்: ஓடாதீர்கள்

வந்து சேர்ந்த அன்று அருவி வேண்டாம். பிற்பகலில் மறையூரிலேயே சுற்றுங்கள். பாண்டவர்கள் மறைந்திருந்ததால் மறையூர் என்று ஒரு கதை சொல்வார்கள். அதைவிடப் பழைய சாட்சி பாறைமேட்டில் நிற்கிறது. முனியறைகள் என்று ஊரார் சொல்லும் கல்திட்டைகள். நான்கு பக்கம் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல். பெருங்கற்கால மனிதர்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. சில சரிந்து கிடக்கின்றன, சிலவற்றுக்குள் எட்டிப் பார்த்தால் வெயில் நேரத்திலும் கல் குளிர்ச்சி. மேலே ஏறிப் படம் எடுப்பவர்களைப் பார்ப்பீர்கள், நீங்கள் ஏறாதீர்கள். கோவில்கடவில் பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோயில். அங்கே அரைமணி நேரம்.

வழியெங்கும் கம்பிவேலிக்குள் நிற்பவை சந்தன மரங்கள். கேரளத்தில் சந்தனம் இயற்கையாக இவ்வளவு செழித்து வளர்வது இங்கேதான். வாசனை வருமென்று மூக்கை நீட்டாதீர்கள், நிற்கிற மரம் மணக்காது. உள்ளே இருக்கும் வைரம் பாய்ந்த கட்டையில்தான் மணம். கீழே கிடக்கும் குச்சியைக்கூட எடுக்கக் கூடாது. நினைவுக்கு ஒரு துண்டு என்று யாராவது சாலையோரத்தில் விற்றால் வாங்கவே வாங்காதீர்கள். சாவடியில் பிடித்தால் வழக்கு.

முதல் நாளின் விசேஷம் வெல்ல ஆலைதான். கரும்புக் காட்டுக்கு நடுவில் ஓலையோ தகரமோ வேய்ந்த கொட்டகை, மேலே புகை. அதைப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிட்டு "அண்ணே, பாக்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் வாங்க என்பார்கள். சாறு கொதிக்கும் கொப்பரை ஒரு கட்டில் அகலம் இருக்கும். அடுப்புக்குப் பிழிந்த சக்கையேதான் எரிபொருள். அழுக்கு நுரையாக மேலே வர வர ஒருவர் அரித்து எடுத்துக்கொண்டே இருப்பார். பதம் வந்ததும் மரத்தொட்டியில் கொட்டிக் கிளறுவார்கள். முக்கியமான கட்டம் அதற்கு அடுத்தது. கை பொறுக்கும் சூட்டில், ஆனால் ஆறுவதற்குள், பாகை அள்ளி உருட்டுவார்கள். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் நாலு திருப்பு, உருண்டை கீழே. நான் முயன்று பார்த்தேன். சூடு தாங்காமல் ஒன்றைப் பாதியில் போட்டுவிட்டேன், அது விரிசல் விட்ட பிட்டு மாதிரி உதிர்ந்தது. அச்சு கிடையாது என்பதால் ஒவ்வோர் உருண்டையிலும் உருட்டியவரின் விரல் பதிந்திருக்கும். மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்குவதைக் கடைசி நாளுக்கு வையுங்கள், அப்போது சொல்கிறேன் எப்படிப் பார்த்து வாங்குவது என்று.

இரண்டாம் நாள்: தூவானம்

தூவானம் அருவியைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். ஆலாம்பெட்டிப் பக்கம் காட்டுக்கு நடுவில் வெள்ளைத் துண்டு தொங்குகிற மாதிரித் தெரியும். பக்கத்தில் போக வேண்டுமானால் வனத்துறை ஏற்பாட்டில் வழிகாட்டியோடுதான் நடக்க முடியும். சீட்டும் வழிகாட்டியும் ஆலாம்பெட்டியில். தனியாக இறங்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆற்று மட்டம் உயர்ந்தாலோ யானைக் கூட்டம் பாதையில் நின்றாலோ நடையை நிறுத்திவிடுவார்கள். காலையில் முதல் ஆளாக நிற்பது நல்லது. வெயில் ஏறிவிட்டால் அந்த முட்காட்டில் நிழல் கிடையாது. முந்தைய நாளே போன் செய்து நடை உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

வழிகாட்டிகள் பெரும்பாலும் பக்கத்துக் குடிகளை, அதாவது காட்டுக்குள் இருக்கும் பழங்குடி ஊர்களைச் சேர்ந்தவர்கள். நம் காலுக்குக் கீழே இருப்பதை அவர்கள் நமக்கு முன்பே பார்த்துவிடுவார்கள். எங்களோடு வந்தவர் திடீரென்று நின்று கையை உயர்த்தினார். ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை, பிறகுதான் புதருக்கு அப்பால் காட்டெருமையின் வெள்ளைக் காலுறை தெரிந்தது. பேசிக்கொண்டே நடந்திருந்தால் நேராக அதன் மேலேயே போயிருப்போம். நடையில் அவருக்கு முன்னால் போகாதீர்கள். முடிந்ததும் சீட்டுப் பணம் போக அவர் கையில் தனியாகக் கொஞ்சம் கொடுங்கள்.

அருவியடியில் ஒரு எச்சரிக்கை. முன்னே சொன்ன மழைக் கணக்கு இங்கே ஆபத்தாகவும் மாறும். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே மேல்மலையில் பெய்த மழை ஆற்றில் இறங்கிவரும். தண்ணீர் திடீரென்று கலங்கலாக மாறினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், துண்டைக்கூட எடுக்க நிற்காமல் கரையேறுங்கள். பாசி படிந்த பாறையில் செருப்போடு நிற்பதைவிட வெறுங்காலோடு நிற்பது மேல், பாறையிலேயே ஏறாமலிருப்பது அதைவிட மேல். பாம்பாறு இங்கிருந்து இறங்கிச் சின்னாற்றோடு சேர்ந்து அமராவதி அணைக்குப் போகிறது, அப்புறம் காவிரிக்கு. கேரளத்தில் கிழக்கே ஓடும் ஆறுகள் மூன்றுதான். கபினி, பவானி, மூன்றாவது இது.

பிற்பகலை ஜீப் சுற்றுக்கு ஒதுக்குங்கள். காந்தலூரிலிருந்து ஜீப்காரர்கள் தோட்டங்கள், மேட்டுக் காட்சிமுனைகள், இரச்சில்பாறை அருவி என்று அழைத்துப் போவார்கள். ஒரு வண்டிக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு, தலைக்கு அல்ல. இரண்டு பேராகப் போனால் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து எடுப்பது மிச்சம். எத்தனை இடம், எத்தனை மணி நேரம் என்பதை ஏறும் முன் கேளுங்கள்.

மூன்றாம் நாள்: லக்கம், இரவிகுளம்

மறையூரிலிருந்து மூணாறு நோக்கி ஏறினால் சந்தனக்காடு முடிந்து தேயிலை ஆரம்பிக்கும். வழியிலேயே லக்கம் அருவி. இரவிகுளத்துப் புல்வெளியிலிருந்து வரும் ஓடை. சாலையிலிருந்து கொஞ்ச தூரம்தான். வனத்துறைச் சீட்டு வாங்கி நுழையலாம். பத்து மணிக்கு மேல் கூட்டம்.

இரவிகுளத்துக்குச் சீட்டை முன்பே ஆன்லைனில் எடுங்கள். வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்று போனால் ஒரு காலை நேரம் முழுக்க அங்கேயே கரையும். நுழைவாயிலில் வண்டியை விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில் ராஜமலைக்கு ஏற வேண்டும். அதற்கு மேல் தார்ச்சாலையில் நடை. குழந்தைகளும் நடக்கலாம். 97 சதுர கிலோமீட்டர் பூங்காவில் நமக்குத் திறந்திருப்பது இந்த ஓரம் மட்டும்தான். 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. தென்னிந்தியாவின் உயரமான சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இதற்குள்தான் இருக்கிறது. அதன் மேல் ஏற அனுமதி இல்லை. மேகம் விலகினால் கீழிருந்து பார்க்கலாம்.

வரையாட்டைத் தேடி அலைய வேண்டாம். சாலையோரப் பாறையில் ஆடாமல் அசையாமல் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். வரை என்றால் மலை. தமிழ்நாட்டின் மாநில விலங்கு, ஆனால் அதிகம் வாழ்வது இந்தப் பூங்காவில். பக்கத்தில் வருகிறதே என்று தொடாதீர்கள், எதையும் ஊட்டாதீர்கள். பனி மூடினால் பத்தடி தள்ளி நிற்பதுகூடத் தெரியாது. அதனால் காலை முதல் வண்டியில் ஏறிவிடுவது நல்லது, பிற்பகலில் மேகம் இறங்கிவிடும்.

இன்னொரு மலை ஊரான வட்டவடையையும் இதோடு சேர்த்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வரைபடத்தில் காந்தலூருக்கும் வட்டவடைக்கும் நடுவில் விரல்கடை தூரம்தான். ஆனால் நடுவில் இருப்பது காடு. மூணாறுக்குப் போய், மாட்டுப்பட்டி, டாப் ஸ்டேஷன் வழியாகச் சுற்றி, பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவுக்குள் புகுந்துதான் போக வேண்டும். அந்தப் பூங்கா 1.3 சதுர கிலோமீட்டர்தான், கேரளத்திலேயே சின்னது. வட்டவடைக்குத் தனியாக இரண்டு நாள் வைத்து இன்னொரு தடவை போங்கள்.

ஊராரோடு

மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பங்கள் அமைத்தவை என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. அதனால் நீங்கள் மலையாளம் தேட வேண்டாம். அண்ணே, அக்கா போதும். அரசு அலுவலகத்திலும் சாவடியிலும் சேட்டா என்று ஆரம்பித்துத் தமிழில் தொடர்ந்தாலும் வேலை நடக்கும்.

முதுவர் என்னும் பழங்குடியினரின் குடிகள் காட்டுக்குள் இருக்கின்றன. மதுரையிலிருந்து சாமியையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்று ஒரு வழக்கு உண்டு. குடிக்குள் போக அனுமதி வேண்டும். கூட்டிப்போகிறேன் என்று யாராவது தனியாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது சுற்றிப் பார்க்கும் இடமல்ல, ஒருவரின் வீட்டுத் திண்ணை. பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தோட்டத்தில் ஆப்பிளைக் கேட்காமல் பறிப்பதும் அப்படித்தான். கேட்டால் அவர்களே நல்லதாகப் பறித்துத் தருவார்கள்.

வாங்கி வருவது

சாலையோரக் கடைகளில் எல்லாமே மறையூர் வெல்லம்தான் என்பார்கள், வெளியூர்ச் சரக்கும் அதே பெயரில் உட்கார்ந்திருக்கும். பார்த்து வாங்குவது எப்படி என்றால், நிறம் ஆழ்ந்த பழுப்பாக இருக்க வேண்டும். மஞ்சளாகப் பளபளத்தால் ரசாயனம் போட்டது. ஒரு துண்டை வாயில் போட்டால் உப்புக் கரிக்கக் கூடாது. விரல்தடத்தைப் பாருங்கள். எல்லாவற்றையும்விடச் சுலபம், முதல் நாள் பார்த்த ஆலைக்கே திரும்பிப் போய் வாங்குவது. பூண்டுக்கும் காந்தலூர், வட்டவடை பெயரில் புவிசார் குறியீடு இருக்கிறது. பல் சிறிது, காரம் அதிகம். தாளோடு கட்டிய பிடியாக வாங்கி வீட்டில் புகைபடும் இடத்தில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது.

இறங்கும்போதும் அதே சாலை, அதே விதி, வெளிச்சம் இருக்கும்போதே. வெல்லத்தைப் பின்சீட்டில் தெரியும்படி வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து போட்டு, சின்னாறு சாவடியில் கையெழுத்துப் போட இறங்காதீர்கள். நாங்கள் திரும்பி வருவதற்குள் ஒரு குரங்கு இரண்டு கிலோப் பையைக் கிழித்து, ஆளுக்கொன்றாக அதன் மொத்தக் குடும்பத்துக்கும் கொடுத்து முடித்திருந்தது.